எறும்பு வீட்டுச் சாரதாமணி

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் எருத்தேன்பதியில் சாரதாமணியிடம் மோதி ஜெயித்தவர்கள் கிடையாது. சோளக்காட்டில் இறங்கும் மயில் கூட்டம் அவள் குரலைக் கேட்டால் அடுத்த தோட்டத்துக்குப் பறந்துவிடும். மரவள்ளிக் கிழங்கைத் தோண்ட வந்த காட்டுப்பன்றி, அவள் தகர டின்னைத் தட்டிய தட்டில் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் கொண்டுபோன பாலில் தண்ணீர் இருக்கிறது என்று பால் சங்கத்து எழுத்தர் ஒருமுறை சொல்லிவிட்டார். "மாட்டையே இங்க கூட்டியாறேன். உங்க கண்ணு முன்னாடியே கறந்து காட்டறேன்" என்று அவள் கிளம்பிய வேகத்தைப் பார்த்து, அவர் பாலை விட்டுவிட்டு மெஷினில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவள் ஒரு மாசி மாதக் காலையில், கையில் செல்போனோடு, கண்ணில் தண்ணீரோடு, தன் வீட்டு ஆசாரத்தில், அந்தப் பெரிய கூடத்தின் நடுவில் நின்றாள். அவளைத் தோற்கடித்தது எறும்பு. கடுகில் பாதி உடம்பு. ஆனால் ஒரு தாயின் நெஞ்சைக் கசக்கிப் பிழிய அந்தப் பாதிக் கடுகு போதுமானதாக இருந்தது!

வினை தொடங்கியது போன தீபாவளியில். சாரதாமணிக்கும் ரத்தினசாமிக்கும் ஒரே மகள் யோகப்பிரியா. விலங்கியல் படித்தவள். வரன் எதுவும் அமையாமல் நாள் கடந்துகொண்டே போய், கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் கோமங்கலத்தில் மில் சூப்பர்வைசராக இருக்கும் மோகனசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். தங்கமான பையன். தலை தீபாவளிக்கு வந்த அந்தத் தங்கத்துக்காகச் சாரதாமணி ஜரிகை வேட்டி எடுத்து மரபீரோவுக்குள் வைத்திருந்தாள். அதே பீரோவில், வேட்டிக்கு மேல் தட்டில், யார் கைக்கும் எட்டாத இடம் என்று நம்பி அதிரசம் நிறைந்த போசியையும் வைத்திருந்தாள்.

அதிரசத்துக்கு எறும்பு வந்தது. வந்த எறும்புக்கு வேட்டி மடிப்பு கதகதப்பாக இருந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு, மாமனார் மாமியார் காலில் விழுந்து கும்பிட மாப்பிள்ளை குனிந்தார். குனிந்தவர் எழவில்லை. பிறகு எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு, தலையை உதறி, "ஆ... ஊ..." என்று ஆசாரத்தைச் சுற்றி வந்தார்.

"சாமி வந்திருச்சு!" என்று கூவினாள் ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி.

ரத்தினசாமி கற்பூரத் தட்டோடு ஓடி வந்தார். சாரதாமணி கண்ணீர் மல்கக் கைகூப்பினாள். "என்ற ஊட்டுக்கு எறங்கி வந்திருக்கறே சாமி! யாருன்னு சொல்லு. மாரியாத்தாளா, மாகாளியா?"

"எறும்பு! எறும்புங்க அத்தை!"

அன்று மாலையே அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் மாப்பிள்ளை பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே போனார் என்று மகள் பிறகு போனில் சொன்னாள்.

சிரித்து மறந்துபோக வேண்டிய விஷயம். சம்பந்தியம்மா நாச்சம்மாள் மறக்கவில்லை. யோகப்பிரியாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, அந்த மாசிக் காலையில், சம்பந்தியம்மாவே போன் செய்தாள்.

"என்னுங்க சம்பந்தி, சௌக்கியங்களா? மாடு கன்னெல்லாம் எப்படி?"

"நல்லா இருக்குதுங்க. புள்ள எப்படி இருக்கறா? வாந்தி நின்னுச்சுங்களா?"

"அதெல்லாம் நின்னுபோச்சு. இப்ப மாங்காயாத் திங்கறா. அது கெடக்கட்டுமுங்க. ஏழாம் மாசம் கட்டுச்சோறு கொண்டாங்க. எத்தனை வகை கொண்டாந்தாலும் உக்காந்து சாப்படறோம். ஆனா புள்ளைய மட்டும் இங்கியே உட்டுட்டுப் போயிருங்க."

சாரதாமணிக்குக் காது அடைத்துப்போனது. கட்டுச்சோறு என்பது சோற்றுக்காகவா? புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கட்டிக்கொண்டு பெற்றவர்கள் போவதே, சாப்பாடு முடிந்த கையோடு பிள்ளைத்தாச்சிப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவரத்தானே! வெறும் பாத்திரத்தோடு திரும்பி வருகிற தாய் எந்த முகத்தோடு ஊருக்குள் நுழைவாள்?

"மொதப் பிரசவமுங்க சம்பந்தி! பொறந்த ஊட்டுக்கு வாராம எப்படிங்க?"

"பொறந்த ஊடுன்னா சரிதானுங்க. அது ஊடுங்களா, எறும்புப் புத்துங்களா? கல்லாட்டம் இருக்கற என்ற பையனையே நிக்க வெச்சு ஊருக்கு அனுப்பிச்சுது. பச்ச மண்ணு அங்க தொட்டில்ல கெடந்தா என்னாகும்? காதுக்குள்ள பூந்துருச்சுன்னா?"

"நான் இருக்கறப்ப அப்படி உட்ருவனுங்களா?"

"மாப்ளைய உட்டீங்களே."

சாரதாமணி போனைக் காது மாற்றிப் பிடித்தாள். நாச்சம்மாள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "செரி, சித்திரைக்கு முன்னாடி நானே ஒருக்கா வந்து பாக்கறனுங்க. ஒரே ஒரு எறும்பு கண்ணுல பட்டாலும் பேச்சு அத்தோட முடிஞ்சுதுங்க."

போனை வைத்துவிட்டுச் சாரதாமணி அண்ணாந்து பார்த்தாள். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதற்கென்று அவள் நினைத்து வைத்திருந்த விட்டத்துக் கொக்கி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் எறும்பு வரிசை ஒன்று, யாருக்கும் பயப்படாமல், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

போர் மறுநாளே தொடங்கியது. முதலில் மஞ்சள்தூளைக் கோடாகப் போட்டாள். எறும்பு கோட்டைச் சுற்றிக்கொண்டு போனது. எறும்புச் சாக்பீஸால் சுவரெல்லாம் கிழித்தாள். வீடு பள்ளிக்கூடம் மாதிரி ஆனதே தவிர, எறும்பு பாடம் படிக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். அன்று செய்த உப்புமாவில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. ரத்தினசாமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அவர் பொதுவாகவே ஒன்றும் சொல்லாதவர். தென்னையிடமும் மாட்டிடமும் பேசுகிற அளவுகூட மனிதர்களிடம் பேசமாட்டார்.

கடைசியில் கடையில் விற்கும் மருந்து டப்பாவை வாங்கி வந்து, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட வரிசை மேலெல்லாம் அடித்தாள். செத்து விழுந்ததைக் கூட்டி அள்ளினாள். அன்று முழுக்க வீடு அமைதியாக இருந்தது. சாரதாமணி வெற்றிக் களிப்பில் தனக்குத் தானே காப்பி போட்டுக் குடித்தாள்.

அடுத்த நாள் சுவிட்ச் போர்டிலிருந்து எறும்பு வந்தது. டிவி ரிமோட்டில் பட்டனுக்குப் பட்டன் எறும்பு. ரத்தினசாமியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் எறும்பு. உப்பு ஜாடியைத் திறந்தாள். அதிலும் நாலைந்து சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"உப்பையுமா திம்பீங்க, கெரகமே!" என்று அவள் போட்ட சத்தத்தில் தொழுவத்தில் கன்றுக்குட்டி எழுந்து நின்றுவிட்டது.

வேறு வழியில்லாமல் மகளை வீடியோவில் கூப்பிட்டாள். யோகப்பிரியா மாங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஸ்ப்ரே அடிச்சியாம்மா?"

"ரெண்டு டப்பா காலி கண்ணு."

"அதான் தப்பு. நீ கொன்னது வெளிய எரை பொறுக்க வந்த வேலைக்காரிகளை. ராணி உள்ளார சொகமா உக்காந்து முட்டை போட்டுட்டு இருக்கறா. சில எறும்புக்கு மருந்து பட்டா கூட்டமே நாலாப் பிரிஞ்சு நாலு பக்கமும் குடி போயிரும்."

"உள்ளார உக்காந்துட்டே எல்லாரையும் ஆட்டி வெக்கறாளா? உன்ற மாமியாளாட்டவே இருக்கறாளே!"

"அம்மா! மெல்லப் பேசு. அவிய சமையக்கட்டுலதான் இருக்காங்க." யோகப்பிரியா குரலைத் தணித்தாள். "மொதல்ல எந்த எறும்புன்னு பாக்கோணும். போனை அதுங்ககிட்ட கொண்டு போ."

சாரதாமணி சுவரோரம் மண்டியிட்டுப் போனை நீட்டினாள். அங்கே இரண்டு வகை இருந்தன. பொடிக் கறுப்பாக, கன்னாபின்னாவென்று ஓடிக்கொண்டு, கையில் ஏறினாலும் கடிக்காதது ஒன்று. அது பிள்ளையார் எறும்பு என்று சாரதாமணிக்கே தெரியும். இன்னொன்று சிவப்பு. அதை மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு மூடியில சக்கரைத் தண்ணி, இன்னொண்ணுல தேங்காயெண்ணெயில கொழைச்ச கடலப் புண்ணாக்கு வெச்சுப் பாரு. எதுக்கு எது வருதுன்னு தெரிஞ்சா அதுலதான் மருந்தைக் கலக்கோணும். கேரம் போர்டுக்குத் தூவுவாங்களே போரிக் பவுடர், அதை ஒரு சிட்டிகை மட்டும். எச்சாப் போட்டா கூட்டுக்குப் போறதுக்கு முந்தியே செத்துரும். கொஞ்சமாப் போட்டா எடுத்துட்டுப் போய் ராணிக்கும் ஊட்டும். வெச்சதுக்கப்பறம் தொடக்கூடாது, தொடைக்கக்கூடாது, மிதிக்கக்கூடாது. உன்னால முடியுமா?"

"உனக்காக முடியும் சாமி" என்றாள் சாரதாமணி. அந்தப் பக்கம் மகள் மாங்காயைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு அங்க வரோணும்மா" என்றாள் மெதுவாக. "இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா இடுப்பு வலிக்குதுன்னு இவியகிட்டச் சொல்லக் கூச்சமா இருக்குது."

அந்த ஒரு சொல் போதும். சாரதாமணி அடுத்த பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறைக்குப் போய், விளையாட்டுச் சாமான் கடையில் நின்றாள்.

"கேரம் பவுடர் குடுங்க. பெரிய டப்பாவா."

"டீம் பெருசுங்களா அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எண்ணவே முடியாதுங்க."

மூடிகளில் ஒரு சிட்டிகைப் பவுடர் கலந்து இரையை வைத்தாள். சுவரில் எறும்பு போய்வந்த தடத்தையெல்லாம், அதன் வாசனை போகும்படி, சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த முருங்கைக் கிளையை வெட்டிவிட்டாள். எறும்புக்கு அதுதான் பாலம். ஆசாரத்து மூலையில் கிடந்த புண்ணாக்கு மூட்டையைத் தொழுவத்துக்குக் கொண்டுபோய் மூடி போட்ட டிரம்மில் கொட்டினாள். பலகாரப் போசியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வைத்தாள். எல்லாம் செய்துவிட்டு, மூடிகளுக்கு முன்னால் மணைப்பலகை போட்டு உட்கார்ந்தாள்.

எறும்பு வந்தது. மூடியை மோந்து பார்த்தது. வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவரை மறுபடி பந்திக்குக் கூப்பிட்டதுபோல, மரியாதையாக ஒதுங்கிப் போய்விட்டது. சர்க்கரையும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம். நாலு நாள் பார்த்தும் அதே கதைதான்.

"வேற எங்கியோ அதைவிட நல்ல சாப்பாடு கெடைக்குதும்மா" என்றாள் யோகப்பிரியா. "தெனமும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துக்கு. அது எங்கன்னு கண்டுபுடி. வரிசைய உடாத, பின்னாலயே போ."

மறுநாள் விடிந்ததும் சாரதாமணி எறும்பின் பின்னால் போனாள். ஊரையே விரட்டிய அந்தப் பெண்மணி, ஐம்பது வயதில், இரண்டு கையும் இரண்டு முட்டியும் தரையில் ஊன்றி, சமையலறையிலிருந்து தவழ்ந்தே புறப்பட்டாள். வரிசை பின்கதவின் அடியில் நுழைந்தது. கதவைத் திறந்து அவளும் நுழைந்தாள். வரிசை குளிக்கவும் துவைக்கவும் இருந்த பொடக்காளியைத் தாண்டியது. அவளும் துவைகல்லைச் சுற்றித் தாண்டினாள். வீட்டின் பின்சுவர் மூலையில் திரும்பியது.

அங்கே ஒரு சோடிக் கால்கள் இருந்தன. தெரிந்த கால்கள். சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

ரத்தினசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தேங்காய்த் தொட்டி. தொட்டியிலிருந்து வெள்ளை மாவைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துச் சுவரோரம் தூவிக்கொண்டிருந்தார். தூவிக்கொண்டே பேசிக்கொண்டும் இருந்தார்.

"மெதுவா, மெதுவா. இடிச்சுக்காதீங்க. எல்லாத்துக்கும் இருக்குது."

"என்னுங்க பண்றீங்க?"

தொட்டி கையிலிருந்து நழுவியது. "சும்மா" என்றார் ரத்தினசாமி.

"சும்மாவா? நான் உள்ளார மருந்து வெச்சுட்டு நாலு நாளாத் தவங்கெடக்கறேன், நீங்க இங்க பந்தி போட்டுட்டு இருக்கறீங்க!"

ரத்தினசாமி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, கல்யாணமான இத்தனை வருடத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது வேலந்தாவளத்தில் ஒரு ஜோசியரைப் பார்த்திருக்கிறார். பெண்ணுக்கு அஷ்டமச் சனி. பச்சரிசியை இடித்து அஸ்கா சர்க்கரை கலந்து எறும்புக்குப் போடச் சொன்னார் ஜோசியர். எறும்பு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்குமாம். அந்த மாவு இரண்டரை வருடம் கெடாதாம். அது தீர்வதற்குள் சனி வீடு மாறிவிடுவாராம்.

"சனி ஊடு மாறினாரோ இல்லியோ, எறும்பு நம்மூட்டுக்குக் குடி வந்துருச்சு! தெனமுமா போடச் சொன்னாரு?"

"சனிக்கெழமை மட்டுந்தான் சொன்னாரு. நாந்தான்... ஒத்தப் புள்ளயாச்சேன்னு... தெனம்."

"என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னுங்க? எறும்போட பேசறீங்க, என்னோட பேசறதுக்கு நோவுதுங்களா?"

"எறும்பு குறுக்க பேசாது சாரதா."

சாரதாமணி இடுப்பில் கையை வைத்தாள். திட்ட வாயைத் திறந்தாள். அப்போதுதான் கணவரின் கண்ணைப் பார்த்தாள்.

"யோகப்பிரியா பொறந்தப்ப நீ உள்ளார கத்தறே. நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கறேன். என்னால என்ன முடியும் சொல்லு? ஒண்ணும் முடியல. இப்ப அவ உள்ளார போவா, நான் அதே மாதிரி வெளிய நிப்பேன். என்னால முடிஞ்சது இந்த மாவுதான். புள்ள நல்லபடியா பெத்துப் பொழைக்கோணும். அதுவரைக்கும் நிறுத்தமாட்டேன். நீ என்ன வேணா சொல்லு."

சாரதாமணி பொடக்காளி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, விதியின் விளையாட்டே! மகள் வந்து பெற வேண்டும் என்று தாய் எறும்பைக் கொல்கிறாள். மகள் நலமாகப் பெற வேண்டும் என்று தகப்பன் எறும்பை வளர்க்கிறார். ஒரே பாசம் முன்வாசலில் விரட்டுகிறது, பின்வாசலில் விருந்து வைக்கிறது!

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ஒரு சிவப்பு எறும்பு சாரதாமணியைக் கடித்ததால் அழுகை நின்று பேச்சுவார்த்தை தொடங்கியது.

"மாவை நிறுத்த வேண்டாமுங்க. எலையைத் தள்ளிப் போடுங்க" என்றாள் சாரதாமணி. "இன்னைக்கு இங்க போட்டீங்களா? நாளைக்கு மாட்டுச்சாளைக்குப் பொறத்தால. அடுத்த நாள் கெணத்து மேட்டுல. அப்பறம் தென்னந்தோப்புக்குள்ள. சாப்பாடு போற பக்கந்தானே கூட்டம் போகும்? அப்படியே கெழக்கு வேலி வரைக்கும் கூட்டிட்டுப் போயிருங்க."

"வேலிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடாச்சே."

"நல்லதாப் போச்சு. நம்ம புள்ளையே அங்கதானே வாழப் போயிருக்கறா?"

"அப்ப ஊட்டுக்குள்ளாறயே கூடு கட்டியிருக்கறது?"

"அது என்ற பாடு. அதுக்கு மூடி வெச்சிருக்கறேன்."

"பிள்ளையார் எறும்ப மட்டும் உட்ரு சாரதா. அது கடிக்காது."

"எனக்குத் தெரியுமுங்க. உங்க சம்பந்திக்குத் தெரியுமா? அதுங்க தடத்தைக் கழுவி உட்டுட்டுச் சக்கரைய மூடி வெச்சாத் தானாப் போயிரும்."

அப்படியே உடன்பாடு ஆனது. ரத்தினசாமி தினமும் விடியலில் தேங்காய்த் தொட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தார். ஒரு நாள் அவசரப்பட்டு நிறைய தூரம் தள்ளிப் போட்டுவிட்டு, எறும்பு வழிதெரியாமல் தவிக்கிறதே என்று மனம் கேளாமல், நடுவில் வழிநெடுக ஒரு மாவுக்கோடு இழுத்து வைத்தார். அதற்கும் சாரதாமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள் பந்தி இல்லை என்று ஆனதும், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் குடியிருந்த சிவப்புக் கூட்டம் புண்ணாக்கு மூடியைத் தேடி வந்தது. வந்ததென்றால் சாதாரணமாகவா! மூடியே தெரியாமல் மொய்த்தது. சாரதாமணிக்குக் கை துறுதுறுத்தது. ஒரு ஈரத் துணி, ஒரே ஒரு துடைப்பு, அவ்வளவுதான். ஆனால் மகள் தொடாதே என்று சொல்லியிருக்கிறாள். தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சாப்பிடுங்க, நல்லாச் சாப்பிடுங்க, ராணியம்மாளுக்கும் கட்டிட்டுப் போங்க" என்று உபசரித்தாள். தீர்ந்தபோதெல்லாம் புதிதாக வைத்தாள். கூட்டம் மெலிந்தது. பிறகு ஒற்றை ஒற்றையாக வந்தது. பிறகு வரவில்லை. சுவிட்ச் போர்டைச் சுற்றியிருந்த விரிசலையும், பின்கதவு நிலையின் சந்தையும் வெள்ளைச் சிமெண்டால் பூசி அடைத்தாள். வைத்த மூடிகளையெல்லாம் எடுத்துக் கழுவினாள்.

பங்குனி முடிவதற்குள் நாச்சம்மாள் வந்து இறங்கினாள். கூடவே மோகனசுந்தரம். முழுக்கால் சட்டை, அதன் நுனி காலுறைக்குள் திணித்திருந்தது. வாசலில் நின்று தரையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தார்.

"வாங்க மாப்ள, உக்காருங்க."

"பரவால்லைங்க அத்தை. நிக்கறனுங்க."

நாச்சம்மாள் வீட்டைச் சுற்றி வந்தாள். சமையல் மேடையில் விரலால் தடவிப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியில் ஆசாரத்தில் உட்கார்ந்து, சாரதாமணி வைத்த மைசூர்பாகைக் கையில் எடுத்தாள். பாதியை வாயில் போட்டாள். மீதிப் பாதி அவள் கையிலிருந்து "தவறி"த் தரையில் விழுந்தது.

"அடடா" என்றாள் நாச்சம்மாள். எடுக்கவில்லை.

சாரதாமணியும் எடுக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று பேரும் நெய் வழியும் அந்த மைசூர்பாகுத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். தேங்காய் காய்ப்பைப் பற்றிப் பேசினார்கள். எல்லார் கண்ணும் தரையில். சாரதாமணி வாய்க்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். காப்பி ஆறியது. சாப்பாடு முடிந்தது. வெற்றிலையும் போட்டாயிற்று. மைசூர்பாகு கிடந்த இடத்தில் கிடந்தது. ஒரு எறும்பு வரவில்லை. ஒன்றே ஒன்றுகூட வரவில்லை!

சாரதாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாச்சம்மாளின் முகம் மலரவில்லை. இருண்டது.

"ஏனுங்க சம்பந்தி, நெய் ஒழுக ஒழுகக் கெடக்குது. ஒத்த எறும்பு எட்டிப் பாக்கல. ஒரு ஊடுன்னா ரெண்டு எறும்பாச்சும் இருக்கோணுமல்ல? அப்படி என்ன வெசத்தை அடிச்சு வெச்சிருக்கறீங்க?"

"வெசமுங்களா?"

"பின்ன? எறும்புக்கே ஆகாத ஊட்டுலயா என்ற பேரனைக் கொண்டாந்து போடறது? அதுக்கு எறும்பு கடிச்சாலே தேவலைங்க!"

மேலே இடி விழுந்ததுபோல் ஆனது சாரதாமணிக்கு. எறும்பு இருந்தாலும் பெண் கிடையாது, இல்லாவிட்டாலும் பெண் கிடையாது! அவள் வாயைத் திறந்தாள். ஊரையே விரட்டிய அந்த வாயில் அன்று சொல் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அப்போது ரத்தினசாமி எழுந்து நின்றார். "எறும்பு இருக்குதுங்க சம்பந்தி. நெறைய இருக்குது. வாங்க, காட்டறேன்."

"ஏனுங்க, சும்மா இருங்க!" என்று பதறினாள் சாரதாமணி. ரத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். மாட்டுச்சாளை தாண்டி, கிணற்று மேடு தாண்டி, தென்னந்தோப்புக்குள் நுழைந்து, கிழக்கு வேலியருகில் போய் நின்றார். பின்னாலேயே நாச்சம்மாள், அதன் பின்னால் சாரதாமணி, வெகு தூரத்தில் மாப்பிள்ளை.

வேலிக்கு அடியில் ரத்தினசாமியின் தேங்காய்த் தொட்டி, அதன் முன்னால் வெள்ளை மாவு. அதைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டம். ஒவ்வொன்றும் வாயில் ஒரு துகளைக் கவ்விக்கொண்டு வேலியின் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"வெசம் அடிச்சா இதெல்லாம் இருக்குமுங்களா? உள்ளார கூடு கட்டினதுக்கு மட்டும் கேரம் பவுடர் வெச்சா. அதையும் எடுத்துக் கழுவிட்டா. மத்ததெல்லாம் சாப்பாடு போட்டு நாந்தான் இங்க கூட்டியாந்தேன்."

"சாப்பாடா? எறும்புக்கா? எதுக்குங்க?"

"புள்ளைக்கு அஷ்டமச் சனிங்க. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து போடறேன். நல்லபடியா பெத்து எழுந்திரிக்கற வரைக்கும் போடுவனுங்க." அவர் மூச்சு வாங்கினார். "தீபாவளிக்கு மாப்ளையக் கடிச்சதும் நான் வளத்த எறும்புதானுங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க. அவ மேல தப்பில்லை. அவ ராப்பகலாத் தவழ்ந்து தவழ்ந்து..." அவருடைய ஒரு வருடப் பேச்சு அத்தோடு தீர்ந்துவிட்டது.

நாச்சம்மாள் எறும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அப்பன் இல்லீங்க" என்றாள் திடீரென்று. "அம்மாளும் சின்னதுலயே போயிட்டா. இவனை நான் மாமியா ஊட்டுலதான் பெத்தேன். கட்டுச்சோறு கொண்டார யாருமில்ல. பொறந்த ஊட்டுக்குப் போறது எதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க. ஒரு தகப்பன் தெனம் எந்திரிச்சு எறும்புக்கு மாவு போடுவான்னு நான் எங்கீங்க கண்டேன்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு குரலும் பழையபடி ஆனது. "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பக்கம் எங்க தமிழ்நாடுதானுங்களே? உங்க எறும்பையெல்லாம் எங்க பக்கம் தொரத்தி உட்டுட்டீங்களா?"

"சோறு போட்டுத்தானுங்க அனுப்பியிருக்கறோம்" என்றாள் சாரதாமணி. அவள் வாய் திரும்பிவிட்டது.

நாச்சம்மாள் சிரித்துவிட்டாள். குனிந்து, தொட்டியில் மிச்சமிருந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டு வேலியடியில் தூவினாள்.

"கட்டுச்சோத்துக்கு நாள் பாத்துச் சொல்லுங்க சம்பந்தி. வந்து சாப்பிட வெச்சு, உங்க புள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

சாரதாமணி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்களும் எப்ப வேணா வாங்க சம்பந்தி, இது உங்க ஊடாட்டம்" என்று சொல்லிவிட்டாள். ஆனந்தத்தில் தாய் மனம் சொல்லிவிடுகிற வார்த்தைதான் அது.

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றாள் நாச்சம்மாள். "புள்ளையோட நானும் வந்துர்றேன். பேரனுக்கு மூணு மாசம் ஆகற வரைக்கும் கூடவே இருந்து பாத்துக்கறேன். எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாமுங்க. கெழக்க பாத்த ரூமு ஒண்ணு இருந்தாப் போதும்."

ரத்தினசாமி மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை, அன்றைக்கு முதல் தடவையாக, கிணற்று மேட்டின் மேல் நிம்மதியாக உட்கார்ந்தார்.

சாரதாமணி ஒரு கணம்தான் தயங்கினாள். மகள் வருகிறாள், இடுப்பு வலிக்கிறது என்று தன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள, கூச்சமில்லாமல் வருகிறாள். அதற்கு முன்னால் எதுவும் பெரிதில்லை.

"ஏனுங்க, நிக்கறீங்களே" என்று கணவரை அதட்டினாள். "கெழக்கு ரூமுல கெடக்கற தேங்காயையெல்லாம் எடுத்து வெளிய போடுங்க. சம்பந்திக்குக் கட்டில் போடோணும்."

சொல்லிவிட்டு, மகளுக்குப் போன் போட வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள்.